அலமாரி மேல் ஏறிய ரஃப் நோட்டு

1

மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது செல்வியின் குரல்பதிவு வந்தது. இங்கே மதியம் என்றால் போடியில் காலை. அவள் கணவன் முருகேசன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போடிமெட்டு ஏறியிருப்பான். மாமியார் கோயிலுக்குப் போயிருப்பார். என் தங்கைக்குத் தனியாகப் பேசக் கிடைக்கிற அரைமணி நேரம் அதுதான்.

“அண்ணே, முகிலுக்கு டி.சி. வாங்கிட்டேன். வாங்குற வரைக்கும் தைரியமாத்தான் இருந்துச்சு. இப்ப அந்தக் காயிதத்தக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தப்புப் பண்ணிட்டேனாண்ணே?”

முகிலுக்குப் பதினொரு வயது. ஒரு வருடமாகத் தினமும் காலையில் அவனுக்கு வயிற்றுவலி. மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வலி வந்ததே இல்லை என்பதை டாக்டர்கள் கவனிக்கவில்லை, செல்வி கவனித்தாள். வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தாள். அன்றிலிருந்து தெருவுக்கே அவள்தான் பேச்சு. பையனை ஜீப்பு ஓட்ட விடப்போறியா என்று ஒருத்தர், உனக்கென்ன டீச்சர் வேலையா கிடைச்சிருக்கு என்று இன்னொருத்தர். பி.காம். முடித்த என் தங்கை இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாதவள் இல்லை. ஆனால் கையில் டி.சி.யோடு தனியாக உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அவளுக்குப் பதிலாக எழுத ஆரம்பித்தேன். ஊரில் அவளைப் போல இன்னும் நாலு பேராவது இருப்பார்கள் என்று தோன்றியதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், செல்வி. நீ தப்புப் பண்ணவில்லை. இந்த விஷயத்தில் தப்புப் பண்ணியவன் நான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

2

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். சுற்றிலும் கோதுமையும் ஆடும்தான். என் மனைவி மீனா இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன், இப்போது சனி ஞாயிறு மட்டும். மகள் கயல் இந்த நாட்டில் பிறந்தவள். அவளுக்கு ஏழு வயதாகும்போது மீனாவின் வேலைக்காக இந்த ஊருக்கு மாறி வந்தோம். நடு வருடத்தில் புதுப் பள்ளியில் சேர்த்தோம்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது டீச்சர் சிரித்த முகத்தோடு, கயல் மிகவும் அமைதியான குழந்தை, ஒரு தொந்தரவும் இல்லை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போடியில் நான் படித்த பள்ளியில் சத்தம் போடாத பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை முதல் ரேங்க் வாங்குகிறவனுக்குக்கூடக் கிடைக்காது. மீனாதான் எவ்வளவு அமைதி என்று கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்தார். பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, சேர்ந்த நாளிலிருந்து பத்து வாரமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் கயல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றுகூட இல்லை.

வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டேதான் வந்தது. முதலில் தமிழ் நின்றது, இங்கே வளர்கிற பிள்ளை அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். பிறகு ஆங்கிலமும் ஆமாம், இல்லை என்ற அளவுக்குச் சுருங்கியது. பள்ளிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்கள். ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள், வண்ண வண்ண அட்டைகளைக் காட்டிப் பேச வைக்கப் பார்த்தார்கள். இரண்டு பருவம் போனது. கயல் அட்டையைத் தொட்டுக் காட்டினாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பள்ளியை நிறுத்தினோம். நான் வேலையைக் குறைத்துக்கொண்டேன். பொண்டாட்டி சம்பாதிக்க இவன் வீட்டில் உட்கார்ந்து ஒண்ணாப்பு வாத்தியார் வேலை பார்க்கிறான் என்று போடியில் என் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. ஒண்ணாப்பு இல்லை, மூணாப்பு என்று திருத்திச் சொல்லி அனுப்பினேன்.

3

வாத்தியார் என்றதும் எனக்குத் தெரிந்த வாத்தியார் ஆகிவிட்டேன். குளிர்பதனப் பெட்டியின் மேல் கால அட்டவணை ஒட்டினேன். ஒன்பது மணிக்குப் பாடம், பத்தே முக்காலுக்கு இடைவேளை. தட்டைக் கரண்டியால் தட்டினால் அதுதான் மணி. வருகைப் பதிவேடுகூட வைத்திருந்தேன். பெயர் கூப்பிட்டால் கயல் கையைத் தூக்குவாள், நான் பேனாவால் குறித்துக்கொள்வேன்.

“ஒத்தப் பிள்ளைக்கு எதுக்குங்க அட்டெண்டன்ஸு? எங்க ஓடிப்போயிரப் போறா?” என்று மீனா கேட்டாள். ஒழுங்கு வேண்டாமா என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணமான புதிதில் சண்டை போடுவாள், இப்போது பேசாமல் போய்விடுகிறாள், அதுதான் எனக்கு அதிகப் பயம்.

நாலு மாதம் இப்படி ஓடியது. கயல் சொன்னதையெல்லாம் எழுதினாள். கணக்கெல்லாம் சரி. பேச்சு மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தின் இடத்தை மாற்றினேனே தவிர, பள்ளிக்கூடத்தை மாற்றவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

4

மீனாவுக்குச் சேர்ந்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வாரம் போடிக்குப் போனோம். ஏலக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்த காலம். செல்வி வீட்டில் தங்கல். முதல் வாரம் நான் அங்கேயும் கால அட்டவணை ஒட்டப் பார்த்தேன். ஒட்டுவதற்குச் சுவர் கிடைக்கவில்லை, எல்லாச் சுவரிலும் செல்வி மாமனார் சாமி படம் மாட்டியிருந்தார்.

முருகேசன்தான், “மச்சான், பிள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சு என்ன பண்றீக? எங்கூட ஜீப்புல அனுப்புங்க, மலையப் பாத்துட்டு வரட்டும்” என்றான். நானும் ஏறிக்கொண்டேன். பின்னால் பதினான்கு பெண்கள், சாப்பாட்டுத் தூக்குகள், அரட்டை. நடுவில் கயல்.

போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. கயல் பலகையைப் பார்க்காமல் தானே எண்ணி நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். செல்வி வாங்கிக்கொடுத்த நாற்பது பக்க நோட்டு அது. மேலே போய்ச் சேர்ந்தபோது பஞ்சவர்ணம் என்கிற அம்மா, எத்தனை வளைவு ஆத்தா என்று சும்மா கேட்டார். பதினெட்டு என்று எழுதிக் காட்டினாள். ஜீப்பே சிரித்தது. “அப்ப போர்டு எழுதுனவன் ஒண்ண முழுங்கிட்டான். எறங்கும்போது இன்னொருக்க எண்ணு, பிடிச்சுருவோம்” என்றார் பஞ்சவர்ணம்.

இறங்கும்போது பதினாறு வந்தது. வழியில் வாந்தி எடுத்ததில் ஒன்று விட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் யாரும் சொல்லாமலேயே கயலுக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் ஜீப்பில் ஒவ்வொரு வளைவிலும் வாய்விட்டு எண்ணினாள். பெண்களும் சேர்ந்து எண்ணினார்கள். எட்டாவதா ஒன்பதாவதா என்று சண்டை வந்தது. “அது வளைவே இல்ல, சும்மா திருப்பம்” என்று என் மகள் தமிழில் கத்தினாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு அவள் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். முன்சீட்டில் இருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். முருகேசன் என் முழங்காலைத் தட்டிவிட்டு கியரை மாற்றினான்.

அதன்பிறகு வாரத்தில் நாலு நாள் மலைதான். தோட்ட முதலாளி தடை சொல்லவில்லை. ஏலச்செடியில் ஒரே சரத்தில் இருக்கிற காய்கள் ஒன்றாக விளையாது. அடிப்பக்கம் முதலில் விளையும், நுனியில் பூவே இருக்கும். அதனால் பறிப்பவர்கள் விளைந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு, மாதம் ஒன்றுக்கு மேல் கழித்து மறுபடி அதே செடிக்கு வருவார்கள். அதைச் சுற்று என்பார்கள். கயல் முதல் நாள் கைக்கு வந்ததையெல்லாம் பிய்த்துவிட்டாள். பஞ்சவர்ணம் திட்டவில்லை. நாலு காயை நகத்தால் பிளந்து உள்ளே இருந்த விதைகளைக் காட்டினார். வெள்ளை, இளம் பழுப்பு, பழுப்பு, கறுப்பு. “கறுப்புத்தான் வெளைஞ்சது. வெள்ளையப் பிச்சா காஞ்சதும் சுருங்கிப் போயிரும், யாருக்கும் ஆவாது” என்றார்.

கயல் நோட்டில் அட்டவணை போட்டாள். பிளப்பதற்கு முன் தன் ஊகம், பிளந்தபின் உண்மை, பக்கத்தில் சரி அல்லது தப்பு. அந்த அட்டவணையின் முதல் பக்கம் முழுக்கத் தப்பு. பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்த்தினால் எத்தனை கிலோ வரும் என்றால் பாதி என்று எழுதியிருந்தாள். உலர்த்துகிற ஸ்டோரில் நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோதான் வந்தது. மீதி நாலு கிலோ எங்கே போனது என்று முருகேசனைக் கேட்டுத் துளைத்தாள். தண்ணீர் பாப்பா, எல்லாம் தண்ணீர் என்றான் அவன். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் மலைப்பக்கத்து மலையாளம் இரண்டு சொல், ஜீப்பு கிரீஸ், ஏலக்காய்க் கறை என்று அந்த நோட்டு பார்க்கவே சகிக்காது.

5

திரும்பி வந்ததும் கடிதம் காத்திருந்தது. இந்த நாட்டில் பிள்ளையை வீட்டில் படிக்கவைக்க அனுமதி வேண்டும். முதல் அனுமதி முடியப்போகிறது, புதுப்பிக்க அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பதிவுகளைப் பார்ப்பார் என்று எழுதியிருந்தது. அவர் திருப்தி இல்லை என்று எழுதினால் கயல் பழையபடி பள்ளிக்குப் போக வேண்டியதுதான். இந்த ஊரில் அது ஒன்றுதான் பள்ளி.

இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குள் இருந்த போடிப் பையன் எழுந்துகொண்டான். எங்கள் பள்ளிக்கு அதிகாரி வருகிறார் என்றால் பத்து நாள் பாடம் நடக்காது. எல்லோரும் ஃபேர் நோட்டு எழுதுவோம். ரஃப் நோட்டில் அடித்துத் திருத்திக் கிறுக்கியதையெல்லாம் ஃபேர் நோட்டில் ஒரு அடித்தல் இல்லாமல், சிவப்பு மையில் தலைப்பு, நீல மையில் விடை என்று முத்து முத்தாக இறக்குவோம். பழுப்பு அட்டை போட்டு லேபிள் ஒட்டுவோம். ரஃப் நோட்டுகள் மூட்டையாகக் கட்டி ஹெட்மாஸ்டர் அறையில் பரண் ஏறிவிடும். அதிகாரி ஃபேர் நோட்டைப் புரட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். அவரும் எங்களைப் போல ஒரு பள்ளியில் படித்தவர்தானே, அவருக்கும் தெரியும்.

நானும் அதையே செய்தேன். ஐந்து ஃபேர் நோட்டு வாங்கினேன். பழுப்புத் தாள் இங்கே கிடைக்காமல் தபால் நிலையத்தில் பார்சல் சுற்றுகிற தாளை வாங்கி வந்து அட்டை போட்டேன். கயல் பத்து நாள் உட்கார்ந்து எழுதினாள். ஒரு எழுத்து தப்பினால் பக்கத்தையே கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னேன். கேட்கக்கூடிய கேள்விகள் என்று இருபது எழுதி விடையை மனப்பாடம் செய்யவைத்தேன். மலை நோட்டைப் படுக்கையறை அலமாரியின் மேலே, பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஊருக்குப் போய்வந்தபின் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, அந்தப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியதை நான் கவனித்தேன். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் ஆத்திரமாக இருக்கிறது.

6

வந்தவர் பெயர் ஜூடித். அறுபதை நெருங்கிய பெண். வாசலில் செருப்புகளைப் பார்த்து, யாரும் சொல்லாமலே தன் பூட்ஸைக் கழற்றினார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், எனக்கு வாய் வரவில்லை, மேடம் என்றே கூப்பிட்டேன். மேசையில் ஐந்து நோட்டுகளையும் அடுக்கி வைத்தேன். கயலுக்குத் தலை வாரி ரிப்பன் கட்டியிருந்தேன். மீனா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

ஜூடித் முதல் நோட்டைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். பிறகு வேகமாக மூன்றாவது, நாலாவது. அவள் தப்புச் செய்த பக்கங்கள் எங்கே என்று கேட்டார். தப்பே கிடையாது மேடம் என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவர் பேனாவை மூடினார். போன வருடம் தெரியாதது எது, இந்த வருடம் தெரிந்தது எது என்று பார்க்கத்தான் தான் வந்திருப்பதாகவும், இந்த நோட்டுகளில் தன்னால் அதைப் பார்க்க முடியவில்லை என்றும் நிதானமாகச் சொன்னார். எல்லாம் ஒரே பேனாவில், ஒரே வாரத்தில் எழுதியது போல இருக்கிறதே என்றும் கேட்டார். பிறகு கயல் பக்கம் திரும்பி, உனக்குப் பிடித்த பாடம் எது என்றார். என் இருபது கேள்வியில் அது இல்லை. கயல் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். வாய் இறுக மூடிக்கொண்டது.

அந்த வாயை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் தினமும் பார்த்த வாய். இந்த முறை அதை மூடவைத்தது பள்ளிக்கூடம் இல்லை.

ஜூடித் தன் தாளில் ஏதோ எழுத ஆரம்பித்தார். இப்போதைக்குத் தன்னால் பரிந்துரைக்க முடியாது என்றும், பள்ளியோடு பேசிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்போது கயல் என் சட்டையை இழுத்து, தமிழில், மெல்லக் கேட்டாள்.

“அப்பா, அந்த அழுக்கு நோட்டக் கொண்டாரவா?”

ஜூடித் நிமிர்ந்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

தண்ணீர் வேண்டுமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தும் விட்டேன். கிரீஸ் படிந்த, அடித்தலும் கிறுக்கலுமான அந்த நோட்டை ஒரு அதிகாரி முன் வைப்பது எங்கள் ஊர் வழக்கப்படி அம்மணமாக நிற்பதற்குச் சமம். ஆனால் அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்களில் கயலும் ஒருத்தி. நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரியும். பத்து நாளாக அவளுடைய தப்புகளைக் கிழித்துப் போட்டவன், இப்போது அவள் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியத்தையும் கிழித்துப் போட்டால், அதற்கப்புறம் அவள் என்னிடம் எதற்குப் பேச வேண்டும்?

இன்னொரு நோட்டு இருக்கிறது, அதைக் காட்டட்டுமா என்று கேட்கிறாள் என்றேன். நான்தான் ஒளித்துவைத்தேன் என்பதையும் சொன்னேன். மீனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்தன்று அப்படிப் பார்த்தாள், அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

நாற்காலி போட்டு ஏறி நானே எடுத்து வந்தேன். ஜூடித் முதல் பக்கத்தைத் திறந்து, பதினெட்டு அடித்து, பதினாறு அடித்து, பதினேழு என்று இருப்பது என்ன என்று கேட்டார். கயல் சொல்ல ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ஆனால் சுற்று, சரம், பிஞ்சு எல்லாம் தமிழிலேயே வந்தன, அவற்றுக்கு விளக்கமும் அவளே சொன்னாள். வாந்தி எடுத்ததையும் விடவில்லை. முழுக்கத் தப்பாக இருந்த பக்கத்தைத்தான் பெருமையாகக் காட்டினாள், ஏனென்றால் நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால் இருபதுக்குப் பதினெட்டு சரி. மீனா போட்டுவைத்த டீ ஆறிப்போனது, ஜூடித் அதைத் தொடவே இல்லை. போகும்போது, இரண்டு வருடத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். ஐந்து ஃபேர் நோட்டையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

7

செல்வி, இதிலிருந்து உனக்கு உதவுகிறதை மட்டும் சொல்கிறேன். முதல் ரெண்டு மாதம் முகிலுக்குப் பாடமே எடுக்காதே. அவனைத் தூங்கவிடு, சாப்பிடவிடு, முருகேசனோடு குரங்கணிப் பக்கம் போய்விட்டு வரட்டும். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுத வழிகள் இருக்கின்றன, என்னென்ன தாள் வேண்டும் என்று இப்போதே விசாரித்து வை. டி.சி.யைப் பத்திரமாக வை, ஆனால் தினமும் எடுத்துப் பார்க்காதே. மாமியாரிடம் சண்டை வேண்டாம், ஊறுகாய்க்கு உப்பு அளக்க முகிலைக் கூப்பிடச் சொல், அவரும் ஒரு பாடம் எடுத்த மாதிரி ஆகும். தெருவில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே சொல்லாதே, அவர்கள் கேட்பது பதிலுக்காக இல்லை. நீ டீச்சர் இல்லை என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று சொல். நானும் இல்லை. வாத்தியாராக இருந்த நாலு மாதத்தில் நான் என் மகளுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை.

உனக்குப் படிப்பிக்க வராது என்று பயப்படுகிறாய். வரும். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளை முன்னால் சொல்லிவிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள், அதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம். அவன் தப்பாக எழுதியதை மட்டும் கிழிக்காதே. நான் கிழித்த பக்கங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

ஜூடித் போனபிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, மீனாவைத் தவிர. நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினேன். கயல் வந்து பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆன்ட்டி வந்தப்ப பயந்துட்டியாப்பா?”

ஆமாம் என்றேன். ரொம்பப் பயந்துவிட்டேன், வாயே வரவில்லை என்றேன்.

அவள் தலையாட்டினாள். பெரிய மனுஷி மாதிரி என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஸ்கூல்ல டெய்லி அப்படித்தான் இருந்துச்சு.”

ஆலோசகர் கேட்டு, டீச்சர் கேட்டு, நாங்கள் இரண்டு பேரும் கெஞ்சிக் கேட்டும் ஒன்றரை வருடமாகச் சொல்லாததை, யாரும் கேட்காதபோது சொன்னாள். நான் குழாயை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். மீதியை அப்புறம் சொன்னாள், அது அவளுடையது, இங்கே எழுத மாட்டேன்.

முகிலும் ஒருநாள் சொல்லுவான், செல்வி. எந்த நாள் என்று தெரியாது. துணி காயப்போடும்போது சொல்லலாம், வெங்காயம் உரிக்கும்போது சொல்லலாம். அன்றைக்கு அவன் உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் நீ டி.சி. வாங்கினாய்.